பால் பொங்காத பெல்லட் அடுப்பு

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். எனக்குக் கோவையாக எழுத வராது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். ஒற்று எங்கே போடுவது, எங்கே விடுவது என்று இன்றைக்கும் தெரியாது. ஞாபகமும் அங்கங்கே கழன்று போகிறது. நாலு பேர் நிற்கிற இடத்தில் எனக்குப் பேச்சும் வராது. அதனால்தான் நான் வேலை பார்த்த அடுப்புக் கடைக்கு வந்து புதுப் பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்று கூப்பிட்டபோது மாட்டேன் என்று சொல்லிவிட்டு, வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அடுப்பை எப்படி மாட்டுவது என்று நான் எழுதப் போவதில்லை. அதற்குப் பெட்டியோடு புத்தகம் வருகிறது. படம் போட்டு, பல மொழியில் வருகிறது. அதைப் பிரித்துப் பார்த்த வீட்டுக்காரரை என் வேலைக்காலத்தில் நான் கண்டதில்லை. பிரித்துப் பார்த்த வேலைக்காரரையும் அதிகம் கண்டதில்லை.

நான் கடையில் சேர்ந்தது கூட்டிப் பெருக்கவும் தேநீர் கலக்கவும். ஏணியைப் பிடிக்க ஆள் வராத ஒரு நாள் நான் பிடித்தேன். பிறகு குழாய்க்கு அளவு எடுத்தேன். பிறகு பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளின் புகைக்குழாய்க்குள் தலையை விட்டு எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டினேன். என் மேற்படிப்பு அதுதான். கடைசி சில வருடங்களில்தான் இந்தப் பெல்லட் அடுப்பு வந்தது.

தெரியாதவர்கள் யாராவது படித்தால் புரியட்டும் என்று சொல்கிறேன். மரத்தூளை இறுக்கி, கோழித்தீவனம் மாதிரி சின்னச் சின்னக் குச்சியாக்கியதுதான் பெல்லட். அடுப்பின் பெட்டியில் கொட்டிவிட்டால் அதுவே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்து எரித்துக்கொள்ளும். உள்ளே ஒரு சின்ன விசிறி இருக்கிறது. அறையிலிருக்கும் காற்றை எடுத்து நெருப்புக்குக் கொடுத்து, புகையைப் பின்குழாய் வழியாக வெளியே தள்ளும். கரண்ட் இல்லையென்றால் விசிறி நின்றுவிடும், விசிறி நின்றால் புகை வீட்டுக்குள் வரும்.

குளிர் நாட்டுக்காரன் விறைத்துச் சாகாமலிருக்கச் செய்த சாமான் இது. நம் ஆட்கள் கைப்பேசியில் படம் பார்த்துவிட்டு வந்து கேட்டார்கள். கிள்ளான் வெயிலில், பகல் பன்னிரண்டு மணிக்கு, கண்ணாடிக்குப் பின்னால் நெருப்பு ஆடுவதைப் பார்க்க வேண்டுமாம். பார்ப்பதற்காக ஏர்கோனைக் கூட்டி வைத்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு அடுப்பு மாட்டித்தான் நான் சாப்பிட்டேன், அதனால் சிரிக்க எனக்கு உரிமை குறைவு. இருந்தாலும் சிரித்தேன், குழாய்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

நான் சொல்ல வந்த வீட்டில் இருந்தது சமைக்கிற வகை. மேலே இரும்புத் தட்டு, முன்னால் கண்ணாடிக் கதவு. கிள்ளானில் ஒரு மாடி வைத்த வரிசை வீடு. பின்பக்க நிலத்தைக் கடைசி அடி வரைக்கும் இழுத்துக் கட்டி, அதையெல்லாம் சமையலறை ஆக்கியிருந்தார்கள். வீட்டின் மருமகள் கேட்டரிங் செய்கிறவள். காலை முதல் மாலை வரை அந்த அறையில் நிற்கப் போகிறவள் அவள்தான். ஆனால் டைல் நிறம் முதல் அடுப்பு வரை தீர்மானித்தது மாமியார். ஒரு கப் கோப்பி அந்த அம்மாள் அங்கே கலக்கி நான் பார்க்கவில்லை.

அழகு கெடும் என்று சன்னலெல்லாம் திறக்க முடியாத ஒற்றைக் கண்ணாடி. கேஸ் அடுப்புக்கு மேலே பெரிய புகை உறிஞ்சி, ஹூட் என்கிறார்களே, அது. அதைப் போட்டால் பக்கத்தில் இருப்பவர் பேச்சே கேட்காது. நான் முதலில் போனபோது இந்த ஹூட்டுக்கு இன்னும் வயர் இழுக்கவில்லை. வீட்டுக்கும் சமையலறைக்கும் நடுவில் வர வேண்டிய கண்ணாடிக் கதவும் வரவில்லை. வீடு நாலு பக்கமும் காற்றாடக் கிடந்தது.

இப்போது சூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு வேலை காட்டிய தகரவேலைக்காரர் ஒரு சீனர். பெயர் வேண்டாம். குழாய் மாட்டி முடித்ததும் அவர் அடுப்பு வாயில் ஊதுபத்தியைப் பிடிப்பார். புகை உள்ளே இழுத்தால் சரி, முகத்துக்கு வந்தால் எங்கேயோ தப்பு. நம் கடையில் ஊதுபத்திக்குப் பதில் சூடம் வந்தது. சூடத்தின் சுடர் சாய்வது நன்றாகத் தெரியும். அதனால் நம் வேலையில் சூடம் காட்டுவது என்றால் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பது. நம் வீடுகளில் சூடம் காட்டுவது என்றால் வேறு. இது இரண்டும் ஒரே அறையில் நடக்கும்போதுதான் வம்பு.

அன்றைக்கு நான் அடுப்பு வாயில் சூடத்தை ஏற்றியதும் மாமியார் என்னை இருக்கச் சொன்னார். எல்லோரையும் கூப்பிட்டார். டைல் போடுகிற வங்காளதேசத்துப் பையன்களைக்கூடச் செருப்பைக் கழற்ற வைத்தார். எல்லோரும் கும்பிட்டார்கள். நான் மட்டும் குனிந்து சுடரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏம்மா, நீங்க வேதக்காரங்களா? கும்பிட மாட்டீங்களா?” என்று அந்த அம்மாள் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. சட்டென்று கையைக் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது சூடம் கரைந்து போயிருந்தது. ஆளாளுக்குச் சூடம் வைத்த தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்கள். சுடர் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று எனக்குத் தெரியாது. பையில் இன்னொரு கட்டி இருந்தது. மறுபடி ஏற்றக் கூச்சமாக இருந்தது. கதவும் ஹூட்டும் வந்த பிறகு, எல்லாவற்றையும் அடைத்து வைத்து இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். அதையும் சொல்லவில்லை. கடைப் பாரத்தில், அதாவது படிவத்தில், ‘காற்றோட்டம் சரி’ என்ற கட்டத்தில் சரி போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டு வந்தேன்.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது, அவ்வளவு முட்டாளா இந்தப் பொம்பளை என்று நினைத்தால், ஆமாம். ஆனால் நீங்கள் போன வாரம் போட்ட பாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு நினையுங்கள்.

இன்னொன்றும் நடந்தது. அடுப்போடு ஒரு வெள்ளை அலாரம் வரும். நெருப்பு சரியாக எரியாவிட்டால் நிறமும் வாசமும் இல்லாத ஒரு விஷவாயு வரும், அது சேர்ந்தால் அலாரம் கத்தும். அதை மாட்ட ஆணியை எடுத்தேன். பால் காய்ச்சுவதற்கு முன்னால் புதுச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்றார் மாமியார். அலமாரித் தட்டில் சும்மா வைத்தாலே அது வேலை செய்யும். அதைச் சொல்ல ஒரு வாய் வேண்டும். எனக்கு அன்றைக்கு அது இல்லை. அலாரம் இழுப்பறைக்குள் போனது, பிளாஸ்டிக் உறையோடு.

புதுமனை புகுவிழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அடுப்பை மூட்டிக் கொடுக்க ஆள் வேண்டும் என்று முதலாளி என்னை அனுப்பினார். டைல் கறுத்துப்போகும் என்று ஹோமத்தை வெளியே கார் போர்ச்சில் வைத்திருந்தார்கள். அவ்வளவு புத்திசாலிகள். ஹோமம் முடிந்ததும் பால் காய்ச்சுவதற்கு இருபது பேர் சமையலறைக்குள் வந்தார்கள். பட்டுச்சேலை வேர்க்கிறது என்று கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தி ஏர்கோனைப் போட்டார்கள். பின்கதவுக்கு வெளியே இரும்பு கிரில், அதில் பூட்டு, சாவி யாரிடம் என்று தெரியவில்லை.

நான் அடுப்பை மூட்டினேன். முதலில் கொஞ்சம் நன்றாகத்தான் பிடித்தது. மருமகள் பால் குண்டானை வைத்தாள். அப்போது வீட்டுக்காரர், அதாவது அந்த அம்மாளின் மகன், ஹூட்டைப் போட்டார். அது ஒரு நொடியில் அறைக் காற்றையெல்லாம் இழுக்க ஆரம்பித்தது. காற்று உள்ளே வர ஒரு சந்து இல்லை. அடைத்த அறையில் பெரிய விசிறிக்கும் சின்ன விசிறிக்கும் இழுபறி வந்தால் எது ஜெயிக்கும் என்று சொல்லப் பள்ளிக்கூடம் போக வேண்டாம்.

அதைப் போட வேண்டாம் என்று சொன்னேன். சொன்னேன் என்றால், எனக்கே சரியாகக் கேட்காத குரலில்.

“ஆன்டி, புகை போகத்தானே ஹூட்டு இருக்கு. ரிலேக்ஸ் லா,” என்றார் அவர்.

நெருப்பு சோம்பிப் போனது. வெள்ளையாகத் துள்ள வேண்டிய சுடர் மஞ்சளாகத் தொங்கியது. கண்ணாடி ஓரத்திலிருந்து கறுக்க ஆரம்பித்தது. பால் பொங்கவில்லை. பொங்கினால்தானே முடியும்? நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறதே என்று எல்லோரும் இன்னும் நெருங்கி நின்றார்கள். நான் ஓரமாகப் போய் முதலாளிக்குப் போன் போட்டேன். ஹூட்டை நிறுத்துங்கள் என்று முதலாளியே வீட்டுக்காரரிடம் சொன்னால் கேட்பார் என்று நினைத்தேன். முதலாளி என்னைத்தான் அடக்கினார். நல்ல நேரத்தில் நிறுத்தினால் அவர்கள் மனசு என்னவாகும், அஞ்சு நிமிஷத்து விஷயம், பால் பொங்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். சீலிங் விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

நானும் பேசாமல் நின்றேன். எவ்வளவு நேரம் என்று சரியாகத் தெரியவில்லை. கால் மணிக்கு மேல் இருக்கும்.

மாமனார் மூலையில் நாற்காலியில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார், பிறகு தூங்கிப்போனார். விடிகாலையில் எழுந்த களைப்பு என்றார்கள். இரண்டு மூன்று பேர் தலைவலி என்று நெற்றியைப் பிடித்தார்கள். பசி என்றார்கள். மருமகள் அடுப்புக்கு மிகப் பக்கத்தில், முகத்தைக் குனிந்து, கரண்டியும் கையுமாக நின்றாள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஓக்களித்தாள்.

“என்னடி, வீடு வந்த நேரமே நல்ல செய்தியா?” என்று ஒரு அத்தை கேட்டார். அறை முழுக்கச் சிரிப்பு. மாமியாரும் சிரித்தார். அந்த வீட்டில் அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

என் நெற்றிப்பொட்டு இரண்டும் தெறித்துக்கொண்டிருந்தது. எனக்குத் தலைவலியே வராது. எனக்கும் வலிக்கிறது, அவளுக்கும் குமட்டுகிறது, கிழவர் தூங்குகிறார் என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அவ்வளவு நேரம் ஆனது. அதற்குள் அவள் கையிலிருந்து கரண்டி விழுந்தது. அவளும் சுவரைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்தாள்.

“எல்லாரும் வெளிய போங்க,” என்றேன். யாரும் நகரவில்லை. அவளுக்குத் தண்ணீர் கொடுங்கள், காற்றை விடுங்கள் என்று இன்னும் கூடினார்கள், இல்லாத காற்றை.

“வெளிய போங்கடா!” என்று கத்தினேன். நான் பிறந்து அப்படிக் கத்தினது கிடையாது. வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. ஆனால் நகர்ந்தார்கள்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். வீட்டுக்காரருக்கு விஷயம் புரிந்ததும் பாய்ந்து போய் அடுப்பின் பிளக்கைப் பிடுங்கப் பார்த்தார். நான் அவர் கையில் ஓங்கி அடித்தேன். உள்ளே பெல்லட் கனன்றுகொண்டிருக்கிறது. பிளக்கைப் பிடுங்கினால் நெருப்பு அணையாது, விசிறி நின்றுவிடும், இருக்கிற புகையெல்லாம் நம் மேல்தான் வரும். பதற்றத்தில் எல்லோர் கையும் பிளக்குக்குத்தான் போகும். முதலில் ஆளை வெளியேற்றுங்கள், கதவைத் திறங்கள், ஹூட்டை நிறுத்துங்கள். அடுப்பை அதன் சுவிட்சில் மட்டும் நிறுத்துங்கள், விசிறி தானாக ஓடி முடிக்கட்டும். அப்புறம் நீங்களும் வெளியே ஓடுங்கள். வீரம் காட்டிக்கொண்டு உள்ளே நிற்காதீர்கள்.

மகனும் இன்னொருவரும் மருமகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாமனாரை நாற்காலியோடு இழுத்தோம். போர்ச்சில் காற்றுப்பட்டதும் அவர் கண்ணைத் திறந்து சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டார். அவள் கண்ணைத் திறக்க அதிக நேரம் ஆனது. பக்கத்து வீட்டு மலாய்க்காரர், காரை வழியில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று காலையிலிருந்து இவர்கள் மேல் கோபமாக இருந்தவர், தன் காரை எடுத்து இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

கார் முனை திரும்பக்கூட இல்லை.

“பால் பொங்குச்சா இல்லையா?” என்று மாமியார் கேட்டார்.

அவர் தானே உள்ளே போய்ப் பார்க்கத் திரும்பினார். நான் வாசலை மறித்து நின்றேன்.

மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து மகன் பேசினார். பிராணவாயு வைத்திருக்கிறார்கள், இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள், வீட்டில் என்ன எரித்தீர்கள் என்று டாக்டர் கேட்கிறார் என்றார். அதற்குள் இங்கே தீர்ப்பே ஆகிவிட்டது. திருஷ்டி. ஊர் கண் பட்டுவிட்டது. பூசணிக்காய் வாங்கிவர ஆள் போயாயிற்று. காயை உடைத்துவிட்டால் அடுப்பு சரியாகிவிடும், மறு வாரம் இன்னொரு நல்ல நேரம் பார்க்கலாம்.

முதலாளியும் வந்து சேர்ந்தார். என்னை வாசல் கேட்டுக்கு வெளியே கூப்பிட்டார்.

“அவங்களே திருஷ்டின்னு சொல்றாங்க. நீங்க ஏன்க்கா வாயத் திறக்கணும்? விடுங்க லா.”

பேசாமல் நிற்பதில் என்னைவிடப் பழகினவர் அந்தத் தெருவில் இல்லை. என் கையெழுத்துப் போட்ட பாரம் வேறு கடையில் இருக்கிறது. வாயை மூடினால் எனக்கும் நல்லது, கடைக்கும் நல்லது. ஆனால் காய் உடைத்து முடித்ததும் அந்தப் பெண் திரும்பி வந்து அதே அறையில், அதே கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக நிற்பாள். அன்றைக்கு இருபது பேர் இருந்தார்கள், தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சாதாரண நாளில் யார் இருப்பார்கள்? மாமியார் மாடியில் நாடகம் பார்த்துக்கொண்டிருப்பார்.

திரும்பி உள்ளே போனேன். எல்லோர் நடுவிலும் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“திருஷ்டி இல்லம்மா. அறைக்குள்ள காத்து வர வழி இல்ல. அன்னைக்குச் சூடம் காட்டினப்ப நான் பார்க்கல. கண்ண மூடிக்கிட்டேன். பார்த்த மாதிரி கையெழுத்துப் போட்டுட்டேன்.”

“அப்ப சாமி கும்பிட்டது தப்புங்கிற?”

“அது தப்பில்ல. அப்புறம் கையெழுத்துப் போட்டேன் பாருங்க, அதுதான் தப்பு.”

அதற்கு மேல் அந்த அம்மாள் பேசியதை எழுத வேண்டாம். படிக்காத பொம்பளையை அனுப்பினால் இப்படித்தான் என்பதில் ஆரம்பித்து, என் ராசியில் போய் முடித்தார். முதலாளி எதிர்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து எனக்குப் பின்கடையில் போல்ட்டு எண்ணுகிற வேலை.

நாலைந்து நாள் கழித்து கடைக்குப் போன் வந்தது. முதலாளி எடுத்து, என்னிடம் நீட்டினார், ஏதோ அசிங்கத்தை நீட்டுகிற மாதிரி.

“ஆன்டி, நான்தான்,” என்றாள் மருமகள். குரல் கரகரத்தது. “தினமும் அங்க நிக்கப் போறது நான். அவங்க இல்ல. சுவத்துல எங்க ஓட்டை போடணும்னு வந்து சொல்லுங்க.”

போனேன். அடுப்புக்குப் பின்னால், வெளிச்சுவரில், வெளிக்காற்றை அதற்குள் கொண்டுவரும் குழாய்க்கென்று ஓரிடம் பார்த்துப் பென்சிலால் வட்டம் போட்டேன். அடைத்த கண்ணாடியில் ஒன்றைக் கழற்றித் திறக்கிற சன்னல் வைக்க வேண்டும், அது திறந்திருந்தால்தான் ஹூட்டைப் போட வேண்டும் என்றேன். அலாரத்துக்கும் ஓர் இடம் காட்டினேன். மகன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டார்.

மாமியார் வந்து சரியாக என் வட்டத்துக்கு முன்னால் நின்றார். அது இத்தாலியிலிருந்து வந்த டைல், அந்த வகை இனிமேல் கிடைக்காது என்றார். முதுகை டைலோடு ஒட்டிக்கொண்டு நின்றார். மகன் தரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பழக்கம்.

மருமகள் துளைபோடும் மெஷினை, என்னோடு வந்திருந்த எங்கள் கடை ஆள் கையிலிருந்து வாங்கினாள். அதன் கனம் அவளுக்கு இன்னும் தாங்கவில்லை, இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

“அத்தை, நகருங்க,” என்றாள்.

அவர் நகர்ந்தார். அவள் மெஷினை எங்கள் ஆளிடம் திருப்பிக் கொடுத்தாள். முதல் தடவையிலேயே டைல் குறுக்காக விரிசல் விட்டது. எங்கள் ஆள் நிறுத்தாமல் துளையைப் போட்டு முடித்தார்.

அந்த ஓட்டை மூன்று அங்குலம் என்று எனக்கு ஞாபகம். நாலாகவும் இருக்கலாம். புகைக்குழாய் வாய்க்கும் சன்னலுக்கும் எவ்வளவு தூரம் விட்டோம் என்பது சுத்தமாக மறந்துவிட்டது. ஒவ்வொரு அடுப்புக்கும் ஓர் அளவு. கடையில் யாராவது அந்தப் புத்தகத்தைப் பிரித்து, நான் எழுதியதோடு வைத்துச் சரிபாருங்கள். தப்பு இருந்தால் என் எழுத்தின் மேலேயே கோடு போட்டுத் திருத்துங்கள், எனக்கு வருத்தமில்லை. பார்க்காமலேயே சரி என்று மட்டும் போட்டுவிடாதீர்கள்.